சூடம் அடிக்காதவர்

போன ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் நாம் ஒன்பது பேர் கூடினோமே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் எல்லாரும் நன்றாகத்தான் தூங்கியிருப்பீர்கள். நம் பழைய லயனைப் பற்றி, நாம் வளர்ந்த அந்தக் கம்பெனி வரிசை ரூம்களைப் பற்றி, ஒரு மலர் போட வேண்டும், நம் அப்பாக்கள் நடத்திய முதல் வேலைநிறுத்தத்தைப் பேரப்பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்தோம். நல்ல முடிவுதான். உங்களில் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருபத்தேழு பேரின் பட்டியலை வாசித்தார். "சத்தியம் காத்த வீரர்கள்" என்று தலைப்பு. என் அப்பா பேர் முதலில் வந்தது. கைதட்டினீர்கள்.

"இருபத்தெட்டாவது ஆள் எங்கே?" என்று நான் கேட்டேன்.

"எந்த இருபத்தெட்டாவது ஆளு, அக்கா?"

"பத்தாம் நம்பர் ரூம்."

பட்டியலை வாசித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நம் குழுத் தலைவர், ஓய்வுபெற்ற வாத்தியார், தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "அது வேணாங்க்கா. புக்குக்கு நல்ல விசயம் மட்டும் போதும் லா. கருங்காலி கதையெல்லாம் இப்ப எதுக்கு?"

கருங்காலி. கூட்டாளிகள் வெளியே நிற்கும்போது முதலாளிக்கு வேலை செய்யப் போகிறவனைத் திட்டுகிற சொல். எழுபது வருடம் ஆகியும் அந்தச் சொல் உங்கள் நாக்கு நுனியிலேயே இருக்கிறது. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். முட்டி வலி என்று நினைத்திருப்பீர்கள்.

அப்பாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஆனால் இரண்டு பக்கத்தில் அடங்காது, நீங்கள் கேட்க விரும்பியதும் இதில் இருக்காது.

நம் அப்பாக்களின் கால்கள் எப்படி இருந்தன என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? சாலை போடும் கம்பெனியில் தார் ஊற்றுகிற ஆட்கள் அவர்கள். வெறுங்கால். கெட்டிக்காரர்கள் சாக்குத் துணியைக் காலில் சுற்றிச் சணலால் கட்டிக்கொள்வார்கள். அதுவும் மத்தியானத்துக்குள் தாரில் ஊறி ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் லாரி இறக்கிவிட்டதும் இருபத்தெட்டுப் பேரும் சாக்கடை ஓரமாக வரிசையாக உட்கார்ந்து, மண்ணெண்ணெய்த் துணியால் காலைத் தேய்ப்பார்கள். அதன்மேல் தேங்காயெண்ணெய். அந்த இரண்டு எண்ணெய் வாடையோடு, யார் வீட்டிலாவது கருவாடு பொரிகிற வாடையும் சேர்ந்து வரும். எனக்கு இன்றைக்கும் ஏதாவது சாலையில் புதுத் தார் போட்டால் உடனே பசி எடுக்கும். டாக்டரிடம் சொன்னேன், சிரித்தார்.

இன்னொன்றும் நினைவிருக்க வேண்டும். புதுத் தார் பளபளவென்று இருக்கும், காரமாக வாடை அடிக்கும். நாலைந்து நாள் ஆனால் மங்கிவிடும். பத்து நாள் வேலைக்குப் போகாவிட்டால் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்து, அடியில் வெளுத்த தோல் தெரியும். ஆக, யார் வேலைக்குப் போனான், யார் போகவில்லை என்று காலைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. லயனில் இருந்த பெரியவர்களுக்கு மட்டும் அந்த வேலைநிறுத்தம் முழுக்கத் தெரியாமல் போனது.

தார் வந்த டின்களைத்தான் நாம் வாளியாக வைத்திருந்தோம். நெருப்பில் போட்டு எரித்து, மணல் போட்டுத் தேய்த்து, கம்பியில் கைப்பிடி மாட்டிக் கொடுப்பார்கள். என்ன தேய்த்தாலும் தண்ணீரில் லேசாக வாடை இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் வளர்ந்தோம். லயனுக்கு ஒரே குழாய். அதன் பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி. காலையில் வாளியை வரிசையில் வைத்துவிட்டு, பத்தாம் நம்பர்ப் பிள்ளையும் நானும் மாற்றி மாற்றிக் காவல் இருப்போம். என் வாளிக்கு அவள் பொறுப்பு, அவள் வாளிக்கு நான் பொறுப்பு.

அவள் அப்பாவை நான் வேதக்கார மாமா என்றுதான் கூப்பிடுவேன். லயனில் கத்தோலிக்கக் குடும்பம் அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மூன்று பேரும் பூசைக்கு நடந்து போவார்கள். மாமா மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் படித்தவர், கையெழுத்து அழகாக இருக்கும். உங்கள் வீடுகளிலிருந்து கப்பலில் ஊருக்குப் போன கடிதமெல்லாம் யார் எழுதியது? உங்கள் அத்தை கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்ன கடிதம், உங்கள் சித்தப்பா செத்த சேதிக்கு அழுது எழுதிய பதில், எல்லாம் அவர் கைதான். அதற்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடித்ததாகக்கூட எனக்கு நினைவில்லை.

ஒரு நாள் தார் வாளி சரிந்து அவருடைய இடது காலில் கொட்டிவிட்டது. ஒன்றரை மாதம் படுக்கை. புண் ஆறி வேலைக்குப் போன முதல் நாளே, ஆட்களை மேய்க்கிற மண்டோரிடம் போய், தார் படாமல் காலை மூடச் சப்பாத்து வேண்டும் என்று கேட்டிருக்கிறார். "சப்பாத்து போட்டுக்கிட்டு ஆபீசுக்கா போகப் போறே?" என்று மண்டோர் கேட்க, நின்றவர்கள் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். என் அப்பாவும் சிரித்தார். இதை அப்பாவே அம்மாவிடம் சொன்னார்.

அன்று சாயங்காலம் மாமா எங்கள் ரூமுக்கு வந்தார். நான் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, நான் ஒருத்தன் கேட்டேன், சிரிச்சான். இருபத்தெட்டுப் பேரும் கேட்டா சிரிப்பானா?"

நம் சங்கம் அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. கேட்டவர் என் அப்பா இல்லை. அப்பா தொடங்கினார் என்று நீங்கள் மலரில் போடப்போகிறீர்கள். மேடைகளில் அப்பாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். துறைமுகத்திலிருந்து சைக்கிளில் ஒரு அண்ணன் வரத் தொடங்கினார். நாம் அவரைச் சங்கத்து அண்ணன் என்றோம். அக்குளில் எப்போதும் சுருட்டிய பத்திரிகை இருக்கும். எங்கள் ரூமில் பாயை விரித்துப் பேசுவார். எட்டு மணி நேர வேலை என்பார், காயம் பட்டவனுக்கு மருந்து என்பார், ஆளைக் கைநீட்டி அடிக்கக் கூடாது என்பார். கேட்கிறவர்கள் அவர் சொல்வது வேறு ஏதோ உலகத்தில் நடப்பது மாதிரி வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்பாவுக்குக் குரல் கனம், நாலு பேரை அதட்டிக் கூட்டுவார், அதனால் செயலாளர் ஆனார். வேதக்கார மாமா பள்ளிக்கூட நோட்டில் கூட்டக் குறிப்பு எழுதினார். மனுவை மாமா தமிழில் எழுதினார், அண்ணன் இங்கிலீஷில் எழுதினார். கம்பெனித் துவான், அதாவது பெரிய முதலாளி, மனுவைப் படிக்காமலே மண்டோரிடம் கொடுத்துவிட்டார். வேலைநிறுத்தம் என்று முடிவானது.

சூடம் அடிக்கும் யோசனை அப்பாவுடையது. வேறொரு இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாளே பாதிப் பேர் வேலைக்குப் போய்விட்டார்களாம். அது அப்பாவின் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

"தாளை நம்பாதீங்கண்ணே. நம்ம ஆளு தாளுக்குப் பயப்பட மாட்டான். முனியாண்டிக்குத்தான் பயப்படுவான்" என்றார் அப்பா.

சங்கத்து அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. "சங்கத்துக்குள்ள சாமியக் கொண்டாராதீங்க, அப்புறம் சிக்கலாயிடும்" என்றார். அவர் பேச்சை யார் கேட்டது? வேலைநிறுத்தத்துக்கு முந்தின சாயங்காலம், அவர் துறைமுகக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, லயன் கோடியில் மரத்தடியில் இருந்த முனியாண்டி கல்லுக்கு முன்னால் எல்லாரையும் நிறுத்தினார் அப்பா. பித்தளைத் தட்டில் சூடம் எரிந்தது. ஒவ்வொருவராக வந்து, "சப்பாத்து வாங்காம வேலைக்குப் போனா என் குடும்பம் விளங்காது" என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அணைந்ததும் அப்பா அடுத்த கட்டியைக் கொளுத்துவார். நாமெல்லாம் தொட்டி மேல் ஏறி நின்று பார்த்தோம்.

வேதக்கார மாமா வரிசையில் கடைசியில் நின்றார். முறை வந்ததும் தட்டுக்கு முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டார்.

"அண்ணே, நான் வேலைக்குப் போக மாட்டேன். ஆனா சூடம் அடிக்க மாட்டேன். எங்க வேதத்துல அது ஆகாது. தாள் குடுங்க, கையெழுத்துப் போடுறேன்."

தாள் எங்கே இருந்தது? தாளுக்குப் பதிலாகத்தான் சூடம் என்று அப்பாவே முடிவு செய்துவிட்டாரே.

"இருபத்தேழு பேரு அடிச்சிருக்கான். ஒனக்கு மட்டும் என்னா தனிச் சட்டம்?" என்றார் அப்பா.

"மாதா மேல சத்தியம் பண்ணுறேண்ணே. போக மாட்டேன்னா போக மாட்டேன். வேற என்னா வேணும்?"

"சாமிதான் வேறன்னு நெனச்சேன். வயிறும் வேறயா?" என்று அப்பா சத்தமாகக் கேட்டார். கூட்டம் சிரித்தது. மண்டோர் முன்னால் ஒருமுறை சிரித்த அதே கூட்டம். பின்னாலிருந்து யாரோ அந்தச் சொல்லைச் சொன்னார்கள். யார் சொன்னது என்று எனக்குத் தெரியும், எழுதமாட்டேன், அவர் பிள்ளைகள் நல்லவர்கள். மாமா திரும்பி ரூமுக்குப் போனார்.

அடுத்த நாள் காலை லாரி வந்தது. யாரும் ஏறவில்லை. அம்மாக்கள் சேர்ந்து பெரிய அண்டாவில் பொதுச் சமையல் தொடங்கினார்கள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் சோறும். நமக்கு அது திருவிழாதான், பொய் சொல்ல வேண்டாம். அன்று காலையே அப்பா உத்தரவு போட்டார். பத்தாம் நம்பரோடு யாரும் பேசக் கூடாது, அண்டாவிலிருந்து சோறு கிடையாது, குழாயில் கடைசி முறை.

வேதக்கார அத்தை முதல் நாள் மத்தியானம் பாத்திரத்தோடு வந்தார். என் அம்மா அகப்பையை அண்டா மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். அத்தை கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். அன்று சாயங்காலம் ஒரு காரணமும் இல்லாமல் அம்மா என்னை அடித்தாள். எனக்கு அப்போது காரணம் புரியவில்லை.

இப்போது கேளுங்கள். தாம் வேலைக்குப் போகவில்லை என்று அந்த மனிதர் எப்படித்தான் நிரூபிப்பது? அவருக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. லாரி வருகிற நேரத்துக்கு ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து லயன் நடுவில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி போட்டு உட்கார்ந்தார். லாரி திரும்பி வருகிற சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். வெயிலில் ஸ்டூலைக்கூட நகர்த்தவில்லை, மழை வந்தால் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டார். இப்படிப் பத்தொன்பது நாள். பார்த்துக்கொள்ளுங்கள், நான் இங்கேதான் இருக்கிறேன் என்பதைத் தவிர அதற்கு வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்?

"பாத்தியா, யார் வர்றான் யார் போறான்னு மண்டோருக்கு வேவு பாக்குறான்" என்றார்கள் நம் பெரியவர்கள்.

உங்கள் அப்பாவும் சொன்னார். என் அப்பாவும் சொன்னார். நடு லயனில், நடுப்பகலில், ஸ்டூல் போட்டு வேவு பார்க்கிறவன் உலகத்தில் எங்கேயாவது உண்டா?

நான் மட்டும் என்ன யோக்கியம்? ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, பத்தாம் நம்பர்ப் பிள்ளை வாளியோடு குழாயடிக்கு வந்தாள். எல்லாரும் பிடித்து முடியும் வரை தள்ளி நின்றாள். அவள் முறை வந்து, வாளி நிறைந்ததும் நான் போய் அதைக் காலால் எட்டி உதைத்தேன். தார் டின் உருண்டு சாக்கடை வரை போனது. நீங்கள் கைகொட்டிச் சிரித்தீர்கள். "கருங்காலி வீட்டுக்குத் தண்ணி கெடையாது" என்று நான்தான் சொன்னேன். செயலாளர் மகள் அல்லவா.

அவள் அழவில்லை. வாளியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். "எங்கப்பா காலப் போய்ப் பாரு" என்றாள்.

நான் போய்ப் பார்த்தேன். ஸ்டூலுக்குக் கீழே அவருடைய இரண்டு பாதங்களும் இருந்தன. விரல் இடுக்கில் இருந்த தார்கூட மங்கி, குதிகாலில் ஓரம் பெயர்ந்திருந்தது. புதுத் தார் ஒரு சொட்டுக் கிடையாது. அவர் என்னைப் பார்த்து, "என்னம்மா?" என்றார். நான் ஓடிவந்துவிட்டேன்.

புதுத் தார் வேறு கால்களில் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். பெரியம்மா வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கேலாங் பக்கம் போய்த் தங்கிய இரண்டு பேர், பந்தியில் வந்து உட்கார்ந்தபோது அவர்களுடைய குதிகால் பளபளத்தது. அம்மா சோறு போடக் குனிந்தபோது பார்த்துவிட்டாள், வாடையும் அடித்தது. கம்பெனி அங்கேயிருந்து வேறு லாரியில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் சூடம் அடித்தவர்கள். அம்மா அப்பாவிடம் சொன்னாள். "இப்ப அதக் கிளறாத" என்றார் அப்பா. அந்த இரண்டு பேரும் உங்கள் பட்டியலில் வீரர்களாக இருக்கிறார்கள்.

இனி உங்களில் யாரிடமும் நான் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன்.

பதினோராம் நாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரத்தில், மண்டோர் வந்தார். நேரே ஸ்டூல் பக்கம் போய்ப் பேச்சுக் கொடுத்து, மாமாவைத் தொட்டி நிழலுக்குக் கூட்டிவந்தார். நான் தொட்டிக்குப் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த சட்டியைக் கீழே வைக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"ஒன்னைத்தான் சேத்துக்க மாட்டேன்னுட்டானுங்களே, அப்புறம் யாருக்காக ஒக்காந்திருக்க?" என்றார் மண்டோர். "நாளைக்கு லாரியில ஏறு. துவான் ஒனக்குச் சப்பாத்து தரச் சொல்லிட்டாரு. பேரெழுதுற வேலையும் தாரேன், தார்ப் பக்கமே போக வேணாம்."

மாமா குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"இருபத்தெட்டு ஜோடி கொண்டா. எல்லாரும் போட்டப்புறம் கடைசி ஜோடி எனக்குக் குடு."

"அவனுங்க ஒன் பொண்டாட்டிக்குச் சோறுகூடப் போடல."

"அது எங்களுக்குள்ள இருக்கிற பேச்சு. ஒனக்கு அதுல என்னா வேல?"

மண்டோர் காறித் துப்பிவிட்டுப் போனார். நம் பெரியவர்கள் கதவிடுக்கில் பார்த்தது, மண்டோரும் மாமாவும் நிழலில் நின்று பேசியதை மட்டும்தான். அது போதாதா? சாயங்காலத்துக்குள் அவர் விலை போய்விட்டார் என்று லயன் முழுக்கப் பேச்சு.

நான் அப்பாவிடம் ஓடினேன். மூச்சு வாங்க, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அப்பா முழுவதும் கேட்டார். நான் பொய் சொல்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. முகம் கறுத்துவிட்டது. பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"இப்ப போயி அவன் நல்லவன்னு சொன்னா கட்டு கொலஞ்சிடும். சூடம் அடிக்காதவனே நின்னுட்டான்னா அடிச்சவனுக்குப் பயம் எங்க இருக்கும்? அவன் மேல இருக்கிற கோவத்துலதான் பாதிப் பேரு இன்னும் நிக்கிறான்."

என் பக்கம் திரும்பினார். "நீ ஒண்ணும் கேக்கல. வெளிய சொன்னே, தோல உரிச்சிடுவேன்."

ஆக அப்பாவுக்குத் தெரியும். இதைத்தான் நான் உங்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. மற்றவர்கள் தெரியாமல் செய்தார்கள். என் அப்பா தெரிந்தே செய்தார். ஒரு நல்ல காரியம் கலைந்துவிடக் கூடாது என்று ஒரு நல்ல மனிதரைத் துரோகி ஆக்கினார். சங்கத்து அண்ணன் விஷயம் கேள்விப்பட்டு வந்து, "போயி ஒரு கையெழுத்து வாங்கிட்டு அவரச் சேத்துக்கங்கண்ணே" என்று கெஞ்சினார். அப்பா சரி சரி என்றார், போகவில்லை. அந்த அண்ணனையும் அடுத்த வாரத்திலிருந்து காணவில்லை. சர்க்கார் பிடித்து ஊருக்குக் கப்பலேற்றிவிட்டது என்றார்கள்.

அதற்குப் பிறகு மாமா ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு அடிக்கடி என்னையே பார்ப்பார். முறைக்கிறார் என்று நினைத்து நான் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

இருபதாம் நாள் கம்பெனி இறங்கி வந்தது. நம்மைப் பார்த்து வேறு கம்பெனி ஆட்களும் கேட்கத் தொடங்கியிருந்தார்கள், அதனால் வந்த பயம். நின்றவர்கள் பட்டியலைக் கொடுங்கள், அத்தனை பேருக்கும் சப்பாத்து என்றார்கள். அப்பா இருபத்தேழு பேரைக் கொடுத்தார். கம்பெனிக்கு வேறென்ன வேண்டும்? முதன்முதலில் சப்பாத்து கேட்டவனும் அவன், மனு எழுதியவனும் அவன், இப்போது சங்கத்திலும் அவன் இல்லை. ஒரே ஒரு ஆளை, மாமாவை மட்டும்தான், வேலையை விட்டு நிறுத்தினார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. ரூம் கம்பெனியுடையது. ஒரு வாரத்தில் காலி செய்யச் சொன்னார்கள்.

அவர்கள் போன நாள் நமக்கெல்லாம் நினைவிருக்காது, ஏனென்றால் நாம் சப்பாத்து பார்த்துக்கொண்டிருந்தோம். கறுப்புச் சப்பாத்து, பாதிப் பேருக்கு அளவே சரியில்லை. அப்பா அதைப் போட்டுக்கொண்டு லயன் முழுக்க டக் டக்கென்று நடந்தார். சரஸ்வதி பூசைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம்கூட வைத்தார். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் மூன்று பேரும் ஒரு தள்ளுவண்டியோடு வெளியே போனார்கள். காத்தோங் பக்கம் ஏதோ பங்களாவில் தோட்ட வேலை கிடைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அதன்பின் முப்பது வருடம் அப்பா மேடை ஏறினார். மாலை வாங்கினார். "இருபத்தேழு பேர் சூடம் அடித்தோம், ஒருத்தன் மட்டும் அடிக்கவில்லை, அவனை முனியாண்டியே விரட்டிவிட்டார்" என்று சொல்வார். அந்த இடத்தில் தவறாமல் கைதட்டல் விழும். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். எனக்கு அப்போது கல்யாணமாகிப் பிள்ளைகள் இருந்தார்கள், தோலை உரிக்கிற வயதெல்லாம் தாண்டிவிட்டேன். ஆனாலும் எழுந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா நல்லவர்தான். அந்தச் சப்பாத்தால் எத்தனை பேருடைய கால் பிழைத்தது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லி இதை மறைக்க முடியுமா?

போன செவ்வாய்க்கிழமை குவீன்ஸ்டவுனுக்குப் போனேன், மாமா மகளை, அந்தப் பத்தாம் நம்பர்ப் பிள்ளையைப் பார்க்க. மூன்று வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் மருந்து வாங்குகிற வரிசையில் அவளே என்னைக் கண்டுபிடித்துப் பேசி, நம்பர் கொடுத்திருந்தாள். என்ன முகத்தோடு போவது என்று போகாமலே இருந்தேன். பழைய புளோக், எட்டாவது மாடி. வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து கேட்டைத் திறந்தாள். சுவரில் சேசு படத்துக்குக் கீழே மாமா படம், அதே வெள்ளைச் சட்டையில்.

"வா வா. லிஃப்ட் சரியா வேல செய்யுதா? டீயா மைலோவா?" என்றாள்.

நான் உட்காரும் முன்னமே மலர் விஷயத்தைக் கொட்டிவிட்டேன். உங்கப்பா பேரை அந்தப் பட்டியலில் சேர்க்காமல் விடமாட்டேன் என்றேன்.

"வேணாம். சேக்காதே."

"ஏன்?"

"சத்தியம் பண்ணவங்க லிஸ்ட்டுதானே அது? அவரு சூடம் அடிக்கலையே. அடிச்சாருன்னு எழுதுனா அவருக்குப் பிடிக்காது லா."

வாளியை உதைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அது அவளுக்கு நினைவிருந்தது, கையை ஆட்டிவிட்டாள். பிறகு தொட்டிக்குப் பின்னால் கேட்டதைச் சொல்லத் தொடங்கினேன். இரண்டு வரி சொல்வதற்குள் அவள் நிறுத்திவிட்டாள்.

"தெரியும். நீ அங்க இருந்தது அப்பாவுக்குத் தெரியும்."

"எப்படி?"

"கையில சட்டியோட ஒக்காந்திருந்தியாமே. மண்டோர் போனதும் உன்னப் பாத்துட்டாரு. ரூமுக்கு வந்து அம்மாகிட்ட அவ்வளவு சந்தோசமா சொன்னாரு. 'அண்ணன் மக எல்லாத்தையும் கேட்டுட்டா. புள்ளைங்க போய்ச் சொல்லிடும். நாளைக்குக் காலையில அண்ணன் வருவாரு பாரு'ன்னு. மறுநாள் சட்டை மாத்திக்கிட்டுல்ல ஸ்டூல்ல போய் ஒக்காந்தாரு."

"அப்புறம்?"

"தெனமும் அதேதான். இன்னைக்கு வருவாரு, நாளைக்கு வருவாரு. காத்தோங் போனப்புறமும் கொஞ்ச நாள் கேப்பாரு, நம்ம அட்ரஸ் அண்ணனுக்குத் தெரியுமான்னு. அந்தப் புள்ள சொல்லியிருக்காதுன்னு அம்மா சொல்லும். அப்பா கோவிச்சுக்குவாரு. 'அது நல்ல புள்ள, கட்டாயம் சொல்லியிருக்கும்'னு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மைலோ கலக்கப் போய்விட்டாள்.

தலைப்பை மாற்றுங்கள். யார் எதன் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள் என்பது யாருக்கும் வேண்டாம். வேலைக்குப் போகாதவர்கள் என்று போடுங்கள். அதில் அந்த இரண்டு பேரும் வரக் கூடாது. அவர்கள் யார் என்று தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன். என் அப்பா பேர் வரட்டும், அவரும் போகவில்லை. ஆனால் மாமா பேர் அதற்கு மேலே வர வேண்டும். ஏன் என்று யாராவது கேட்டால் என்னைக் கைகாட்டுங்கள். தொட்டிக்குப் பின்னால் நான் இருந்தேன். என் காதால் கேட்டேன். அவர் ஒரு நாள்கூட வேலைக்குப் போகவில்லை.